ஒரு வீட்டில் இரண்டு கள்ளர்

யாகோப்புவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, வீட்டைச் சூடாக்கும் ஹைசுங்கிலிருந்து காற்று எடுத்தது. 2008 ஒக்டோபர், ஒரு சனிக்கிழமை காலை. யன்னலுக்குக் கீழே இருந்த இரும்புத் தகட்டின் முனையில் சுஜீவா சின்னச் சாவியைப் போட்டுத் திருகினாள். யாகோப்பு முழந்தாளிட்டு ஜாம் போத்தலைக் கீழே பிடித்தார். அடைபட்டிருந்த காற்று சீறிக்கொண்டு வந்தது. பிறகு கறுப்புத் தண்ணீர் துப்பியது.

"கேட்டியே? காத்து," என்றார் யாகோப்பு. "உது தானா வந்த காத்தில்லை."

"எல்லா ஹைசுங்கிலயும் காத்து அடையும் அப்பா."

"நீ சொல்லுறது புத்தகத்தில இருக்கிறது. நான் சொல்லுறது கீழ இருக்கிறவனை."

"அவர் எப்பிடி எங்கட ஹைசுங்குக்குள்ள காத்து விடுவார்? வாயால ஊதியோ?"

"ஊதுவான். பனங்கொட்டை சூப்பி. ஊதக்கூடிய ஆள்தான்."

சுஜீவா டோர்ட்முண்டில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் வேலை செய்தாள். கட்டடங்களுக்கு எவ்வளவு வெப்பம் வேண்டும், எந்தக் குழாய் வழியாக அனுப்ப வேண்டும் என்று கணக்குப் போடுவதுதான் அவள் படித்த படிப்பு. பாடசாலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் போட்டிருக்கிறாள். வுப்பர்டாலில் மலைச் சரிவில் இருந்த சொந்த வீட்டில் மட்டும் தாய் கம்பளிச் சட்டையோடு சமைத்துக்கொண்டிருந்தாள். வரவேற்பறையில் வெப்பமானி பதினாறு பாகையைத் தாண்டவில்லை.

காற்று எடுத்தால் குழாயில் தண்ணீர் குறையும். நிரப்புவதற்கு இருவரும் நிலவறைக்கு இறங்கினார்கள். கொதிகலன் இருந்த அறைக் கதவில் புதுப் பூட்டு ஒன்று தொங்கியது. பூட்டின் கொண்டி கோணலாக இருந்தது. யாகோப்பு ஆணியால் ஓட்டை குத்தி, திருகாணியைக் கையாலேயே முறுக்கி ஏற்றியிருக்கிறார்.

"டிரில் மெசின் எங்க அப்பா?"

"அவனிட்ட."

டிரில் மெசின் இரண்டு குடும்பத்துக்கும் பொது. வீடு வாங்கிய கையோடு சேர்ந்து வாங்கியது. கீழ்வீட்டுக் குணசேகரம் சப்பாத்துத் தட்டு அடிப்பதற்காக எடுத்துப் போனார். அந்த வாரமே இரண்டு வீட்டுக்கும் கதை நின்றது. மெசினும் கீழேயே நின்றுவிட்டது.

பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டுக் குணசேகரம் படியிறங்கி வந்தார். சாரம், அதற்கு மேலே தெருவுக்குப் போடும் குளிர்ச்சட்டை.

"பிள்ளை," என்றார் சுஜீவாவைப் பார்த்து, "உன்ர அப்பாட்டக் கேள், இந்த வீட்டில எனக்குப் பாதி இருக்கோ இல்லையோ எண்டு."

யாகோப்பு கை எட்டும் தூரத்தில்தான் நின்றார்.

"மோள், அவருக்குச் சொல்லு, பாதி வீடு இருக்கு. பொய்லரைக் குறைக்கிற உரிமை இல்லை எண்டு."

"தெர்மோஸ்டாட் ஆற்ர வீட்டுச் சுவரில இருக்கு எண்டு கேள். மேல இருந்து அதைக் குறைச்சுப்போட்டு, கீழ வந்து பூட்டுப் போடுறார். கள்ளனே பூட்டுப் போடுறதை நான் இஞ்சதான் பாக்கிறன்."

"மாதா மேல ஆணையா அதில நான் கை வைக்கேல்லை. இனி வைக்கவும் மாட்டன். சொல்லு மோள்."

"அவரின்ர மாதா அவருக்குத்தானே சாட்சி சொல்லுவா. எனக்கோ சொல்லுவா?"

"என்னைத் தபால்பெட்டி ஆக்காதேங்கோ ரெண்டு பேரும்," என்றாள் சுஜீவா. "அவர் இஞ்சதான் நிக்கிறார். நேர கதையுங்கோ."

ஒருவரும் நேரே கதைக்கவில்லை. குணசேகரம் மட்டும் போகும்போது படியில் நின்று, தை மாதம் வக்கீலைச் சந்திக்க ரெர்மின் எடுத்திருப்பதாகவும், வீட்டை விற்றுப் பாதியாகப் பிரிக்கப் போவதாகவும் சுவருக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

சண்டையின் சூட்சுமம் இதுதான். முன்பு இருந்த ஜெர்மன்காரர் மேல்தளத்தில் குடியிருந்து கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டவர். அதனால் இரண்டு தளத்துக்கும் சேர்த்து ஒரே தெர்மோஸ்டாட். அது மேல்வீட்டு வரவேற்பறைச் சுவரில். குளிர்கிறது என்று அது சொன்னால்தான் நிலவறைக் கொதிகலன் எரியும். கட்டளை மேலே, நெருப்புக் கீழே. வீடு குளிர்ந்தபோது யாகோப்பு கீழே பார்த்தார், குணசேகரம் மேலே பார்த்தார். எரிவாயுச் செலவை மிச்சம் பிடிக்க மற்றவன்தான் குறைக்கிறான் என்று இருவருக்கும் நிச்சயம். வருடத்துக்கு ஒருமுறை வரும் புகைபோக்கிக்காரர் கொதிகலனை அளந்து பார்த்து, நல்ல நிலையில் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். இயந்திரத்தில் பிழை இல்லையென்றால் மனிதரில்தான் பிழை என்று இருவரும் அதையும் தங்கள் பக்கம் எடுத்துக்கொண்டார்கள்.

சில நாள்களில் வீடு திடீரென்று சூடாகும். "அவனுக்கு மனச்சாட்சி குத்துற நாள்," என்பார் யாகோப்பு.

அன்று மேலே வந்ததும் சுஜீவா தெர்மோஸ்டாட்டைப் பார்க்கப் போனாள். யாகோப்பு குறுக்கே போய், மாதா சுருவம் இருந்த சுவர்த் தட்டுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"நான் ஆணை இட்டிருக்கிறன். வீடு வாங்கேக்க இருபத்திரண்டில வைச்சது. அதில ஒருத்தரும் கை வைக்கப்படாது. நீயும்தான்."

"விசர் அப்பா உங்களுக்கு."

"ஓம். ரெயினுக்கு நேரமாகுது. ரிக்கெற் எடுத்தனியோ?"

அவள் எடுத்திருந்தாள். போனாள்.

யாகோப்பு மன்னார் பேசாலைக்காரர். எண்பத்தைந்தில் கிழக்குப் பெர்லினில் வந்து இறங்கி, மேற்கே கடந்து, அங்கிருந்து அனுப்பப்பட்ட அகதி விடுதியில் ஓர் அறைக்கு வந்து சேர்ந்தார். மற்றக் கட்டில் குணசேகரத்துக்கு. யாழ்ப்பாணத்து அளவெட்டிக்காரர். அறையில் சமைக்கத் தடை. இருவரும் கட்டிலுக்கு அடியில் ஒரு மின்னடுப்பை ஒளித்து வைத்துச் சமைத்தார்கள். காவலாளி படியேறும் சத்தம் கேட்டால், குணசேகரம் கொதிக்கும் சட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போர்வைக்குள் படுத்துவிடுவார். யாகோப்பு கதவைப் பாதி திறந்து, சுகமில்லை, சுகமில்லை என்று தெரிந்த ஒரே ஜெர்மன் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வார். ஒரு தடவை பருப்புக் கறி வழிந்து குணசேகரத்தின் முன்கை வெந்துபோனது. காவலாளி போகும் வரைக்கும் மனிதர் மூச்சுக் காட்டவில்லை. அந்தத் தழும்பு பிறகும் போகவில்லை. "மன்னார்க் கழுதை, உன்னால வெந்தனான்," என்பார் குணசேகரம். "பனங்கொட்டை சூப்பிக்குத் தோல் தடிப்புத்தானே," என்பார் யாகோப்பு. இரண்டும் ஊரை வைத்து அந்தக் காலத்தில் கூப்பிடும் பெயர்கள். ஒருவரும் கோபித்ததில்லை.

பிறகு வுப்பர்டாலில் ஒரு கருவித் தொழிற்சாலை. குறடுகளை உலையில் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்தி இறுக்கும் பகுதியில் யாகோப்பு கடைசி வரை நின்றார். பகல் முழுக்க உலை வாசல். வேலை முடிந்து குளிர்ந்த வீட்டுக்கு வரும் ஆத்திரம் மற்றவர்களைவிட அவருக்கு இரண்டு பங்கு.

நல்ல மனிதர் என்று பிறகு அவருடைய செத்தவீட்டில் எல்லோரும் சொன்னார்கள். சண்டைக்கார மனிதர் என்பதுதான் உண்மை. தமிழ்ப் பூசையில் பாடகர் குழு எங்கே நிற்பது என்று குருவானவரோடு சண்டை. உலை மேற்பார்வையாளனோடு சண்டை. சுஜீவாவுக்குப் பத்து வயதில், இவளுக்கு மேல்படிப்பு சரிவராது, தொழிற்பள்ளிதான் பொருத்தம் என்று வகுப்பு ஆசிரியை எழுதிக் கொடுத்தபோது, வேலை உடுப்போடு பள்ளிக்கூடம் போய் அதிபரின் மேசைக்கு முன்னால் இருந்துவிட்டார். "என்ர மகள். தொழில்நுட்பம். பல்கலைக்கழகம்." இலக்கணம் இல்லாத ஜெர்மனில் நாலு சொல். திரும்பத் திரும்பச் சொன்னார். மாலை துப்புரவுக்காரி வரும்வரை எழும்பவில்லை. அவர்கள் காகிதத்தை மாற்றி எழுதினார்கள்.

அந்தப் பிடிவாதத்தில்தான் சுஜீவா படித்தாள். அதே பிடிவாதம் தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால் கையை விரித்து நின்றது.

தொண்ணூற்றொன்பதில் இரண்டு குடும்பமும் சேர்ந்து வீட்டை வாங்கியது. ஏழு குளிர்காலம் ஒரு குறையும் இல்லை. 2006இல் ஊரில் சண்டை திரும்பத் தொடங்கியது. தாய் யோசப்பினின் தம்பி குடும்பத்தோடு மடுப் பக்கம் அகப்பட்டுப் போனான். அவள் வீட்டுத் தட்டில் இருந்த மடு மாதாவுக்கு முன்னால் அணையாத விளக்கு வைப்பதாக நேர்ந்தாள். சாதாரண மெழுகுதிரி இரண்டு மணித்தியாலம் தாங்காது. சுப்பர்மார்க்கெட்டில் சிவப்புப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் தடித்த திரி விற்கும். நாள் கணக்கில் எரியும். ஜெர்மன்காரர் அதைக் கல்லறையில் மட்டும்தான் வைப்பார்கள். யோசப்பின் பை நிறைய வாங்கி வந்தபோது பக்கத்து வீட்டுக் கிழவி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, உங்கள் வீட்டில் யார் செத்தது என்று கேட்டாள். "ஒருத்தரும் சாகக்கூடாது எண்டுதான்," என்றாள் யோசப்பின் தமிழில்.

காற்று எடுத்து ஒரு மாதத்தில், 2008 கார்த்திகையில், மாலை வேலை முடிந்து உடுப்பு மாற்றும் அறையில் யாகோப்பு மர வாங்கில் இருந்தபடியே சரிந்தார். நெஞ்சு. ஒரு சப்பாத்துக் கயிறு கட்டியிருந்தது, மற்றது கட்டவில்லை.

அடக்கத்துக்குக் குணசேகரம் வந்தார். கோயிலின் கடைசி வாங்கில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வீட்டுக்கு ஏறவில்லை. அவர் மனைவி கலாதேவி சோறும் கறியும் சமைத்துப் படியில் வைத்துவிட்டுப் போனாள். யோசப்பின் மூடியைத் திறக்காமலே திரும்பக் கொண்டுபோய் அவர்கள் கதவடியில் வைத்தாள். "அந்தாளைக் குளிரில சாகடிச்சவையின்ர சோறு எனக்கு வேண்டாம்."

சுஜீவா விடுமுறை எடுத்துத் தாயோடு இருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது: அப்பா சொன்னது சரியா? சரியென்றால் கீழே இருப்பவன் கள்ளன். அம்மா அவனுக்கு மேலே தனியாக இருக்க ஏலாது. தையில் வக்கீல் வரட்டும், வீடு விற்கட்டும். பிழையென்றால் அப்பா ஒரு சிநேகிதனைக் கள்ளன் என்று சொல்லிக்கொண்டே செத்திருக்கிறார்.

மாலையில் தமிழ்ப் பங்கு ஆட்கள் செபமாலை சொல்ல வந்தார்கள். தட்டில் மாதாவுக்குப் பக்கத்தில் யாகோப்புவின் படம். வருகிற ஒவ்வொருவரும் ஒரு மெழுகுதிரி கொண்டுவந்து ஏற்றினார்கள். இடம் போதாமல் நெருக்கி நெருக்கி வைத்தார்கள். வீடு ஒவ்வொரு நாளும் கூடக் கூடக் குளிர்ந்தது. மூன்றாம் நாள் பெண்கள் குளிர்ச்சட்டையைக் கழற்றவில்லை. செபம் சொல்லும்போது வாயிலிருந்து புகை வந்தது.

செபமாலையை நடத்திய பேர்பெச்சுவா அக்காவுக்கு வாய் நீளம். பாதியில் எழும்பிப் படிக்கட்டுக் கதவைத் திறந்து கீழே பார்த்துக் கத்தினாள்.

"செத்தவீட்டுக்கும் சூட்டை அடைக்கிற மனிசர் நீங்கள்! குளிருக்குள்ள முழந்தாளில நிக்கிறம். நல்லா இருப்பியளோ?"

சுஜீவா கீழே போனாள். சண்டை பிடிக்கத்தான் போனாள். கதவைக் கையால் அடித்தாள்.

குணசேகரம் திறந்தார். தலையில் கம்பளித் தொப்பி, கழுத்தில் சால்வை.

"மாமா, வெக்கமில்லையோ உங்களுக்கு? அவர் செத்துப்போனார். இனியும் ஏன் குறைக்கிறியள்?"

"உள்ள வா."

"நான் வரேல்லை."

"வந்து கையை வைச்சுப் பார் எண்டு சொல்லுறன்!"

அவள் போய் ஹைசுங்கின் தகட்டில் கையை வைத்தாள். கல்லறைக் கல் போலக் குளிர்ந்தது. சமையலறையில் கலாதேவி மின்னடுப்பைப் போட்டு அதற்கு முன்னால் கதிரை வைத்து இருந்தாள்.

"பொய்லர் அறைக்குப் பூட்டுப் போட்டது உன்ர அப்பா," என்றார் குணசேகரம். "திறப்பு ஆரிட்ட?"

பூட்டின் சாவி அவளுடைய பையில்தான் இருந்தது.

"நான் பூட்டுக்குள்ளாலயோ போய்க் குறைக்கிறன்? இவ்வளவு காலமும் நான் நினைச்சது, கொப்பர்தான் மேல இருந்து குறைக்கிறார் எண்டு. இப்ப அவரும் இல்லை. அப்ப ஆர் பிள்ளை குறைக்கிறது? நீயோ?"

சுஜீவா தகட்டிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு கள்ளர். ஒருவருக்குக் கதவு பூட்டு. மற்றவர் செத்துப்போனார். திருட்டு மட்டும் நடந்துகொண்டிருக்கிறது. அலுவலகத்தில் இப்படி ஒரு பிழை வந்திருந்தால், முதல் நாளே மனிதர்களை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போயிருப்பாள்.

நிலவறையைத் திறந்தாள். கொதிகலன் அமைதியாக இருந்தது. கோளாறு விளக்கு எரியவில்லை. எரிவாயு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, அழுத்தம் சரி. அதற்கு நோய் ஒன்றும் இல்லை. அதை ஒருவரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அதன் பக்கவாட்டிலிருந்து ஒரு மெல்லிய வெள்ளைக் கம்பி சுவர் வழியே மேலே ஏறியது. சுஜீவா விரலை அதில் வைத்தபடி நடந்தாள். நிலவறைப் படி, கீழ்வீட்டுக் கதவு நிலை, மேல்படி. குணசேகரம் தன் கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கம்பி மேல்வீட்டுக்குள் நுழைந்து, வரவேற்பறைச் சுவரோரமாகப் போய், மாதா தட்டுக்குப் பின்னால் யோசப்பின் தொங்கவிட்டிருந்த பூவேலைத் துணிக்குள் மறைந்தது.

செபமாலையின் நான்காம் தேவ இரகசியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சுஜீவா பெண்களுக்கு நடுவால் போய் மெழுகுதிரிகளுக்கு மேலாகக் கையை நீட்டித் துணிக்குப் பின்னால் விட்டாள். ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டி. சுடச்சுட இருந்தது. கீழே எரிந்த எல்லாத் திரியின் அனலும் நேரே அதில் ஏறிக்கொண்டிருந்தது.

குமிழ் இருபத்திரண்டில்தான் நின்றது. ஒருவரும் கை வைக்கவில்லை. அறையில் பல் கிடுகிடுக்கிறது; அந்தப் பெட்டிக்கு மட்டும் கோடைகாலம்.

அவள் படத்துக்கு முன்னால் இருந்த திரிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி யன்னல் விளிம்புக்குக் கொண்டுபோனாள்.

"என்னடி செய்யிறாய்?" பேர்பெச்சுவா அக்காவின் செபம் அறுந்தது. "செத்த தேப்பனுக்கு வைச்ச வெளிச்சத்தைத் தூக்கி எறியிறாய்! படிச்ச திமிரோ?"

"எறியேல்லை. மாத்தி வைக்கிறன்."

"மாதாவின்ரயை விடு மோள், அது நேர்த்தி," என்றாள் யோசப்பின்.

சுஜீவா அதையும் எடுத்தாள். சிவப்புக் கூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். பெட்டி ஆறும் வரைக்கும் நின்றாள். 'டிக்' என்று ஒரு சத்தம். ஒரு கணம் கழித்துக் கால்களுக்குக் கீழே, இரண்டு தளம் தாண்டி, கொதிகலன் குமுறிப் பற்றியது. குழாய்கள் தட்டத் தொடங்கின.

யோசப்பின் தகட்டைப் பார்த்தாள். பிறகு மகளின் கையிலிருந்த விளக்கைப் பார்த்தாள்.

"சுவர்த்தாள் கறுக்குது, தட்டைக் கழற்றி எதிர்ச் சுவரில அடிச்சுத் தாங்கோ எண்டு எவ்வளவு காலமாக் கேட்டனான்," என்றாள். "அடிக்கிறன் அடிக்கிறன் எண்டார்."

"ஏன் அடிக்கேல்லை?"

"மெசின் கீழ எண்டார்."

சுஜீவா இரண்டாம் தடவை கீழே இறங்கினாள். குணசேகரம் இன்னும் கதவில்தான் நின்றார். அவருக்குப் பின்னால் தகடு தட்டும் சத்தம் கேட்டது. அவள் சொன்னாள். தெர்மோஸ்டாட், மெழுகுதிரி, அனல், திரி எரிந்து முடிந்து வீடு சூடான நாள்கள். நாலு வசனம். அவர் தொப்பியைக் கழற்றினார்.

"அப்ப ரெண்டு குளிருக்கும் நான் கள்ளன். ஒரு மெழுகுதிரிக்காக."

"நீங்களும் அவரைக் கள்ளன் எண்டுதானே சொன்னனீங்கள்."

"சொன்னனான். மாதா மேல ஆணை எண்டார். நான் நம்பேல்லை." குரல் ஏறியது. "இப்ப வந்து சொல்லுறாய். செத்தாப் பிறகு வந்து சொல்லுறாய். நான் இனி ஆரோட சண்டை பிடிக்கிறது? உன்னோடயோ? நீ என்ன, நேற்றுப் பிறந்தனீ!"

"எனக்குச் சண்டை பிடிக்க நேரமில்லை. டிரில் மெசினைத் தாங்கோ."

உள்ளே போய்ப் பச்சைப் பெட்டியைக் கொண்டுவந்தார். கொடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். சால்வைக்குக் கீழே முன்கையில் பழைய தழும்பு தெரிந்தது.

"வந்து கேட்டிருந்தாக் குடுத்திருப்பன். 'குணம், மெசின்' எண்டு. வேற ஒண்டும் வேண்டாம். வரட்டும், வந்து கேக்கட்டும் எண்டுதான் கதவுக்குப் பக்கத்தில வைச்சிருந்தனான். மன்னார்க் கழுதை."

"நீங்கள் கொண்டு வந்து குடுத்திருக்கலாம்."

"ஏன் நான்? பிழை என்ர பேரிலயோ?"

பெட்டியை அவள் கையில் திணித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். உடனே திரும்பத் திறந்தார். "பழைய செங்கல். மெதுவாப் போடு, உதிரும்." மறுபடி சாத்தினார்.

மேலே ஆட்கள் போய்விட்டார்கள். யோசப்பின் யாகோப்புவின் குளிர்ச்சட்டைப் பையைக் கவிழ்த்து மேசையில் கொட்டியிருந்தாள். கருவிக் கடைக் காகிதப் பை ஒன்று. உள்ளே சுவருக்கு இறுக்கும் பிளாஸ்டிக் ஆப்புகள், திருகாணிகள். சுஜீவா ஒன்றை எடுத்து விரலால் அளந்தாள். மாதா தட்டுக்குச் சரியான அளவு. எதிர்ச் சுவருக்குப் போய் விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். தோள் உயரத்தில் பென்சிலால் இரண்டு புள்ளி. மட்டம் வைத்துப் பார்த்தாள். ஒரு மயிரிழை சரிவு இல்லை.

கடைக்குப் போயிருக்கிறார், வாங்கியிருக்கிறார், அளந்து புள்ளியும் போட்டிருக்கிறார். ஒரு மாடி இறங்கிப் போய் மெசினைக் கேட்கவில்லை.